வயதுக்குப் பூக்கும் செடியின் நுனியைக் கிள்ளலாமா, வளைத்துக் கட்டலாமா?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்) – மார்ச் 17

நான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டு மாடியில் காய்கறி வளர்க்கிறேன். இந்தப் பட்டத்தில் நடந்ததை நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன். எங்கே தவறினேன் என்று தெரிந்தவர்கள் சொல்லவேண்டும்.

புரட்டாசியில் செண்டுமல்லி நட்டேன். நட்ட முப்பதாம் நாள் எல்லாச் செடிகளின் நுனியையும் கிள்ளிவிட்டேன். மழையில் அழுகிய இரண்டு போக, மற்றவை ஒவ்வொன்றும் ஆறேழு கிளை விட்டுப் பொங்கல் முடிந்தும் பூத்தன. வாசலுக்கும் பூசைக்கும் கடையில் பூ வாங்கவே இல்லை.

அதே கையோடு தக்காளிக்கும் செய்தேன். ரகம் பி.கே.எம். 1. மழை ஓய்ந்தபின் டிசம்பர் 10 அன்று விதைத்து, ஜனவரி 5 அன்று பன்னிரண்டு பைகளுக்கு மாற்றினேன். மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் எல்லாம் பன்னிரண்டுக்கும் ஒரே அளவு. ஜனவரி 30 அன்று ஆறு செடிகளின் நுனியைக் கிள்ளினேன். ஆறை அப்படியே விட்டேன்.

கிள்ளாத ஆறும் பிப்ரவரி முதல் வாரத்தில் பூத்தன. இன்றுவரை நான்கு கிலோ பழம் பறித்திருக்கிறேன். கிள்ளிய ஆறும் புதர்போல அடர்ந்திருக்கின்றன, பார்க்க அழகாக இருக்கின்றன. ஆனால் பூ பதினாறு நாள் பிந்தியது. இப்போது வெயில் ஏறிவிட்டது. பூக்கள் காம்போடு உதிர்கின்றன. சுண்டைக்காய் அளவில் ஒரு கைப்பிடிக் காய்கள்தான் மிச்சம்.

ஒரே மாடி, ஒரே கை. செண்டுமல்லிக்கு வரமாக இருந்தது தக்காளிக்கு ஏன் கேடானது? ஆடிப் பட்டத்தில் மிளகாய், பாகல், அவரை போடப்போகிறேன். அதற்குள் இதைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

---

பலாச்சுளை (பண்ருட்டி) – மார்ச் 17

கிள்ளியதில் தவறில்லை, நாள் தவறிவிட்டது. நாற்றில் ஐந்தாவது இலை வந்தபோதே கிள்ளியிருக்கவேண்டும்.

---

பாகூர் ஏரிக்கரை (பாகூர், புதுச்சேரி) – மார்ச் 18

தம்பி, நான் நெல் விவசாயி. மாடித்தோட்டம் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி எங்கள் நாற்றங்காலில் ஒவ்வோர் ஆண்டும் வரும் கேள்விதான்.

பயிரில் இரண்டு சாதி உண்டு. ஒன்று காலம் பார்க்கும், மற்றொன்று வயது பார்க்கும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற பழைய சம்பா ரகங்கள் காலம் பார்ப்பவை. பதினைந்து நாள் முன்பின் விதைத்தாலும் இரண்டு வயலிலும் கதிர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தலைகாட்டும். முன்பு விதைத்தது உயரமாக நிற்கும், பின்பு விதைத்தது குட்டையாக நிற்கும், அவ்வளவுதான். ஐப்பசி மழையில் வயல் மூழ்கி பயிர் பின்னடைந்தாலும் அது மெல்ல எழுந்து தேறிக்கொள்ளும். கதிர் விடும் காலம் வரும்வரை அதற்கு அவசரம் இல்லை.

குறுவை அப்படி இல்லை. நூற்றைந்து, நூற்றுப்பத்து நாள் ரகம் விதையில் இருந்தே நாளை எண்ணத் தொடங்கிவிடும். தண்ணீர் வரத் தாமதம், ஆள் கிடைக்கவில்லை என்று நாற்றை நாற்பது நாள் நாற்றங்காலிலேயே வைத்துவிட்டால், நட்டவுடன் தூர் வெடிக்காமல் (அடியில் பக்கத் தண்டுகள் கிளைக்காமல்) குச்சியாய் நின்று கதிரைத் தள்ளிவிடும். அதன்பின் எத்தனை மூட்டை யூரியா போட்டாலும் போன தூர் வராது. இழந்த நாளை அந்தப் பயிர் திருப்பித் தராது.

உங்கள் தக்காளி குறுவைச் சாதி. ஜனவரி 30 அன்று அதன் கணக்கில் நீங்கள் பதினாறு நாளை வெட்டி எறிந்துவிட்டீர்கள்.

அவரைக்கும் இதே கணக்குதான். பந்தலில் ஏறும் நாட்டு அவரையை ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும் பனிக்காலம் வந்தால்தான் பூக்கும். குத்து அவரை எந்த மாதம் போட்டாலும் தன் நாள் வந்தவுடன் பூக்கும். விதை வாங்கும்போதே எந்தச் சாதி என்று கேட்டுவிடுங்கள்.

---

முத்தியால்பேட்டை ஆசிரியை (புதுச்சேரி) – மார்ச் 18

பாகூர் ஐயா சொன்ன ‘காலம் பார்ப்பது, வயது பார்ப்பது’ என்பதைவிடத் தெளிவாக நான் முப்பது ஆண்டு வகுப்பறையில் சொன்னதில்லை. தாவரவியல் பக்கத்தில் இருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இதை உலகுக்கு முதலில் தெளிவாகக் காட்டியது ஒரு புகையிலைச் செடி. அமெரிக்க வேளாண் துறையில் இருந்த கார்னரும் அல்லார்டும் ‘மேரிலாண்ட் மாமத்’ என்ற புகையிலையை ஆராய்ந்தார்கள். கோடையில் வயலில் அது ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டில் வைத்தால் குட்டையாக இருக்கும்போதே பூக்கும். வெப்பம், ஈரம், உரம் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டு, பகலின் நீளமே காரணம் என்று 1920இல் எழுதினார்கள். செடி அளந்துகொண்டிருப்பது இடையறாத இருட்டின் நீளத்தை என்பது 1938இல் வேறு இருவரின் சோதனையில் தெரியவந்தது.

நம் கடற்கரையில் பகல் நீளம் பெரிதாக மாறுவதில்லை. மார்கழியில் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம், ஆனியில் பன்னிரண்டே முக்கால். வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்தச் சிறு வித்தியாசத்தைக்கூட நாட்டு அவரையும் சம்பாவும் கண்டுகொள்கின்றன. எனக்கு இது இன்றும் வியப்புத்தான்.

இனி உங்கள் தக்காளி. தக்காளி பகல் நீளத்தைப் பொருட்படுத்தாது. குறிப்பிட்ட எண்ணிக்கை இலைகளை விட்டபின் தன் நுனியைப் பூங்கொத்தாக மாற்றிக்கொள்ளும். முதல் பூங்கொத்துக்கு முன் சுமார் எட்டு முதல் பன்னிரண்டு இலைகள். அந்த மாற்றம் நம் கண்ணுக்குத் தெரிவதற்கு வாரங்களுக்கு முன்பே குருத்துக்குள் நடந்துவிடும். விதைத்து ஐம்பத்தோராம் நாள் நீங்கள் கிள்ளியபோது உங்கள் இரு விரல்களுக்கு இடையில் இருந்தது வெறும் தளிர் இல்லை. முதல் பூங்கொத்தே அங்கு இருந்தது.

அதோடு பி.கே.எம். 1 தானே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் வகை. கொடிபோல ஆண்டு முழுவதும் நீளாது. சில பூங்கொத்துகளுக்குப் பின் ஒவ்வொரு தண்டும் பூவில் முடிந்துவிடும். இந்தப் பண்பு 1914இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு தக்காளிச் செடியில் தற்செயலாகத் தோன்றியது. காய்கள் ஒன்றாகப் பழுக்கவேண்டும் என்று விரும்பிய உழவர்களால் உலகம் முழுக்கப் பரவியது. கணக்காகச் செலவழிக்கும் அத்தகைய செடியிடம் நாம் ஒரு தண்டைப் பறித்தால் அதன் வரவு அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

செண்டுமல்லி ஏன் தப்பியது என்றால், அதற்கு நாள் இருந்தது. முப்பது நாளில் கிள்ளினாலும் பக்கக் கிளைகள் வளர்ந்து பூக்க, மழைக்காலமும் பனிக்காலமும் முன்னால் காத்திருந்தன. பனியில் பூப்பதற்கு அதற்குத் தடையும் இல்லை. தக்காளிக்கு முன்னால் காத்திருந்தது பங்குனி வெயில். பகல் 35 பாகையை நெருங்கி, இரவும் ஆறாமல் போனால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். கடலோரத்தில் இரவு ஆறுவதே இல்லை, அதை நாம் அறிவோம்.

---

சங்கராபரணி (வில்லியனூர்) – மார்ச் 19

அம்மா சொன்ன அறிவியலை மதிக்கிறேன். ஆனால் ‘வயதுக்குப் பூக்கும் செடியைக் கிள்ளவே கூடாது’ என்று யாராவது இதில் இருந்து எடுத்துக்கொண்டால் அதை நான் மறுப்பேன். மிளகாயும் பகல் நீளத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. பத்து ஆண்டுகளாக நான் ஒவ்வொரு மிளகாய் நாற்றையும் ஆறு இலையில் கிள்ளுகிறேன். ஒவ்வொரு முறையும் பலன் கிடைக்கிறது.

பூ பத்துப் பன்னிரண்டு நாள் தாமதிக்கும், உண்மை. ஆனால் மிளகாய் ஏழு மாதப் பயிர். பன்னிரண்டு நாளை அது எங்கே வேண்டுமானாலும் ஈடுகட்டிக்கொள்ளும். அடியிலேயே நான்கு கிளை பிரிந்தால் செடி குட்டையாக, அகலமாக நிற்கும், காற்றில் சாயாது. கத்தரிக்கும் அப்படித்தான். கடலூர் மாவட்டத்துப் பாலூர் ஆராய்ச்சி நிலையத்துக் கத்தரி ரகம் ஒன்றை வைத்திருக்கிறேன். ஒரு முறை காய்த்து ஓய்ந்தபின் அடியோடு கவாத்து செய்தாலும் மறுபடி துளிர்த்துக் காய்க்கிறது.

எனவே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கிள்ளியபின் செடிக்கு எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது? நூறு நாள் இருந்தால் கிள்ளுங்கள். நாற்பதுதான் இருந்தால் கைவைக்காதீர்கள்.

---

முத்தியால்பேட்டை ஆசிரியை – மார்ச் 19

முழுவதும் ஏற்கிறேன். ‘கிள்ளவே கூடாது’ என்று பொருள்படும்படி நான் எழுதியிருந்தால் அது என் பிழை. இன்னொன்று: நீங்கள் கிள்ளுவது ஆறு இலையில். மிளகாயில் முதல் பூ வருவது தண்டு இரண்டாகக் கவையும் இடத்தில். அதற்கு வெகு முன்பே நீங்கள் கிள்ளிவிடுவதால் பூ இழப்பு இல்லை, நாள் இழப்பு மட்டுமே.

---

பாதிரிப்பூ (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்) – மார்ச் 20

எல்லோரும் கிள்ளுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் மூன்று ஆண்டுகளாகத் தக்காளியில் ஓர் இலையைக்கூடக் கிள்ளுவதில்லை, வளைத்துக் கட்டுகிறேன். செய்யும் முறையை விரிவாக எழுதுகிறேன்.

நாற்றைப் பைக்கு மாற்றி எட்டு, பத்து நாள் ஆனதும் வேர் பிடித்துவிடும்; புதிய இலை விரியும். செடி ஒரு சாண் உயரம் இருக்கும். அதுதான் நேரம். மொட்டு கண்ணில் பட்டுவிட்டால் வளைக்காதீர்கள். அதற்குள் தண்டு முறுகிவிடும்.

காலையில் தண்ணீர் குடித்து நிமிர்ந்து நிற்கும் செடி கண்ணாடிக் குழாய்போல உடையும். அன்று காலை நீர் விடாமல், மாலை நான்கு மணிக்குமேல் இலை சற்றுத் தளர்ந்திருக்கும்போது தொடுங்கள். தண்டு கைக்கு இணங்கும்.

முதலில் அடித்தண்டைப் பிடிமானம் செய்யவேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் செடியை வேரோடு சாய்த்துவிடுகிறார்கள். எந்தப் பக்கம் வளைக்கப்போகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு குச்சியை ஊன்றி, மண்ணுக்கு இரண்டு விரல் உயரத்தில் தண்டை எட்டு வடிவத்தில் அதனோடு கட்டுங்கள். பிறகு பையின் விளிம்பில் ஒரு துளையிட்டு, நனைத்த வாழைநாரை அதில் கோத்து, நுனிக்கு நான்கு விரல் கீழே தண்டைச் சுற்றித் தளர்வாகப் போடுங்கள். முடிச்சுக்குள் சுண்டு விரல் நுழையவேண்டும். முதல் நாள் பாதி வளைவு. இரண்டு நாள் கழித்து இன்னும் கொஞ்சம். நான்காம் நாள் தண்டு பையின் வாய்க்கு இணையாகப் படுத்துவிடும். நைலான் கயிறும் மெல்லிய கம்பியும் வேண்டாம். தண்டு பருக்கும்போது அறுத்துவிடும். சணல் பரவாயில்லை.

நுனி மறுநாளே சூரியனைப் பார்த்துத் தலைதூக்கும். பயப்படவேண்டாம், அது நல்ல அறிகுறி. ஒரு வாரத்தில் படுத்திருக்கும் தண்டின் ஒவ்வொரு இலை இடுக்கில் இருந்தும் துளிர் எழும். எல்லாத் துளிருக்கும் ஒரே உயரம், ஒரே வெயில். பூ ஒரு நாள்கூடத் தாமதிப்பதில்லை. என் குறிப்பேட்டில் மூன்று ஆண்டுக் கணக்கும் இருக்கிறது.

தண்டு ‘சடக்’ என்று ஒலித்தால் உடனே இரு பகுதியையும் பொருத்தி, ஈர வாழைப்பட்டையைச் சுற்றிக் கட்டி, அந்த இடத்துக்கு முட்டுக் கொடுத்து நிழலில் வையுங்கள். பட்டை ஒரு பக்கமாவது ஒட்டியிருந்தால் பத்து நாளில் முடிச்சுப்போலத் திரண்டு சேர்ந்துவிடும்.

இன்னொரு பயனை 2024 நவம்பர் 30 இரவில்தான் அறிந்தேன். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, அங்கு ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய இரவு. எங்கள் மாடியில் குச்சி நட்டு நிமிர்த்தியிருந்த கத்தரி, மிளகாய் எல்லாம் மறுநாள் முறிந்து கிடந்தன. பை விளிம்போடு படுத்திருந்த ஐந்து தக்காளியும் இலை கிழிந்து நின்றன, ஆனால் நின்றன. அன்று காலை அவற்றைப் பார்த்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது.

---

கேப்பர் மலை (கடலூர்) – மார்ச் 20

அக்கா எழுதியதை எங்கள் செம்மண்ணில் கொய்யாவுக்குச் செய்கிறோம். மேல்நோக்கி நிற்கும் கிளையை வளைத்துத் தரையில் அடித்த முளையோடு கட்டிவிட்டால், வளைந்த கிளை முழுவதும் புதுத் தளிர் வரும். கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும். ஒரு செடியில் பார்த்ததும் இன்னொரு செடியில் பார்த்ததும் ஒன்றாக இருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஏன் இப்படி என்று அம்மா விளக்கமுடியுமா?

---

முத்தியால்பேட்டை ஆசிரியை – மார்ச் 21

நுனிக் குருத்து ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரந்து கீழே அனுப்புகிறது. அது ஓடிக்கொண்டிருக்கும்வரை கீழே உள்ள பக்க மொட்டுகள் உறங்கும். இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். திமன், ஸ்கூக் என்ற இருவர் 1930களில் மொச்சை இனச் செடியின் நுனியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். வெட்டிய பிறகும் பக்க மொட்டுகள் எழவில்லை. இன்று, வேரில் இருந்து ஏறிவரும் சைட்டோகைனின், நுனி உறிஞ்சிக்கொள்ளும் சர்க்கரை ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்று தெரிகிறது.

கிள்ளினால் அந்த ஆட்சி ஒரேயடியாகப் போகிறது. ஆனால் செடி தன் காயத்தை ஆற்றி, உறங்கிய மொட்டை எழுப்பி, அதை ஒரு தண்டாக வளர்த்தபின்தான் பூவைப் பற்றி நினைக்கமுடியும். வளைத்தால் நுனி தன் உயரத்தை இழக்கிறது, உயிரை இழப்பதில்லை. ஆதிக்கம் தளர்கிறது; மூடிக்கிடந்த இடுக்குகளுக்கு வெயில் கிடைக்கிறது; ஓர் இலைகூடக் குறைவதில்லை. நுனிக்குள் உருவாகிவரும் பூங்கொத்தும் அப்படியே வளர்கிறது. நாள் குறைவாக உள்ள செடிக்கு இதுதான் பொருந்தும் என்று நான் சொல்வேன்.

---

இளந்தளிர் (லாஸ்பேட்டை, புதுச்சேரி) – மார்ச் 21

நான் கல்லூரி மாணவன். இதே வளைத்துக் கட்டும் முறையை வெளிநாடுகளில் கஞ்சா வளர்ப்பவர்கள் விரிவாக எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கும் ‘தானாகப் பூக்கும் வகையைக் கிள்ளலாமா’ என்ற இதே வாக்குவாதம்தான். அது உண்மையில் இதே அறிவியலா?

---

முத்தியால்பேட்டை ஆசிரியை – மார்ச் 22

ஆம், இதே அறிவியல். கஞ்சா பொதுவாக இருட்டு நீண்டால் பூக்கும் செடி. கோடை குறுகிய வடக்கு நிலங்களில் தானாக முளைத்து வளர்ந்த ஒரு வகை, பகல் நீளத்துக்குக் காத்திராமல் வயதுக்குப் பூக்கும் பண்பைப் பெற்றது. ரஷ்ய அறிஞர் ஒருவர் 1924இல் அதற்கு ‘ருடராலிஸ்’ என்று பெயரிட்டார். தானாகப் பூக்கும் வகைகள் அதன் வழிவந்தவை. சம்பாவுக்கும் குறுவைக்கும் உள்ள உறவை அங்கே பார்க்கலாம்.

அதே மூச்சில் இதையும் சொல்கிறேன், மகனே. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாச் செடி வளர்ப்பது குற்றம். பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மாடியில் ஒரு தொட்டி என்றாலும் குற்றம் குற்றமே. உன் ஆர்வம் செடியின் கடிகாரத்தின் மேல் என்றால், ஒரு தொட்டியில் குத்து அவரை, ஒரு தொட்டியில் பந்தல் அவரை போட்டுப் பார். கற்கவேண்டியது எல்லாம் அந்த இரண்டிலும் இருக்கிறது.

---

சங்கராபரணி – மார்ச் 22

கெடிலக்கரை தம்பி பாகலைப் பற்றிக் கேட்டதை எல்லோரும் மறந்துவிட்டோம்.

பாகல், சுரை, பீர்க்கு ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக வரும். தாய்க்கொடியில் முதலில் ஆண் பூக்கள் குவியும். பக்கக் கொடிகளில் பெண் பூ கூடுதல். அதனால்தான் தாய்க்கொடியின் நுனியைக் கிள்ளி, அதில் வரும் கொடியையும் கிள்ளி, மூன்றாம் தலைமுறைக் கொடியில் காய் எடுப்பதை ‘மூன்று ஜி’ என்று சொல்கிறார்கள். சுரையில் நான் செய்து பார்த்தேன், நன்றாக வந்தது. பாகலில் ஒரு கிள்ளல் போதும்: கொடி பந்தலைத் தொட்டவுடன் நுனியை எடுங்கள், இரண்டாம் முறை வேண்டாம். வெள்ளரியில் கிள்ளவே வேண்டாம். அது மூன்று மாதத்தில் முடிந்துபோகும் கொடி. அதிலும் பெண் பூவையே விடும் கலப்பின வெள்ளரி தாய்க்கொடியிலேயே காய்க்கும். அதன் நுனியைக் கிள்ளியவர் காயைக் கிள்ளியவர்தான்.

---

பலாச்சுளை – மார்ச் 22

செடிமுருங்கை வைத்திருப்பவர்களுக்கு: இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். விதைத்து இரண்டு மாதத்தில் அந்த உயரம் வந்துவிடும். இதில் யாருக்கும் ஐயம் வேண்டாம். விட்டுவிட்டால் தென்னை உயரத்தில் நான்கு காய் தொங்கும், பறிக்க ஆள் தேடவேண்டும்.

என் முதல் பதிலில் தக்காளியையும் ஐந்தாவது இலையில் கிள்ளச் சொன்னேன். இங்கே படித்தபின் அதைத் திரும்பப் பெறுகிறேன். கொடித்தக்காளிக்குப் பொருந்தலாம், பி.கே.எம். 1க்குப் பொருந்தாது.

---

பாதிரிப்பூ – மார்ச் 23

கிள்ளுகிறவர்கள் கை கழுவுங்கள். தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் புகையிலையின் குடும்பம். புகையிலைத் தேமல் நச்சுயிரி பீடி, சிகரெட் பிடித்த விரலில் இருந்தும் ஒட்டும். ஒரு செடியைக் கிள்ளிய நகத்தோடு அடுத்ததைக் கிள்ளினால் வரிசை முழுவதும் போகும். சோப்புப் போட்டுக் கழுவி, விரலைப் பாலில் நனைத்துக்கொண்டு கிள்ளுவது நல்ல வழக்கம். பால் அந்த நச்சுயிரி தொற்றுவதைக் குறைக்கும். இலை சுருண்டுபோகும் நோய் வேறு, அதைக் கொண்டுவருவது வெள்ளை ஈ, நம் கை அன்று.

---

கெடிலக்கரை – மார்ச் 24

ஒவ்வொருவர் பதிலையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கிள்ளிய ஆறு தக்காளியைப் பிடுங்க மனம் வரவில்லை. பச்சை வலைக்குக் கீழே நகர்த்தியிருக்கிறேன். ஆடியில் மிளகாயில் செய்து பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

---

கெடிலக்கரை – நவம்பர் 9

வாக்குக் கொடுத்தபடி எழுதுகிறேன். ஜூலை 20 அன்று மிளகாய் விதைத்தேன். ஆகஸ்ட் கடைசியில் பன்னிரண்டு பைகள். நான்கை நாற்றிலேயே ஆறு இலையில் கிள்ளினேன். நான்கைப் பாதிரிப்பூ அக்கா சொன்னபடி வளைத்தேன். நான்கைத் தொடவில்லை.

வளைத்ததில் ஒன்று முறிந்தது. காலை ஏழு மணிக்கு வளைத்த ஒரே செடி அது. வாழைப்பட்டை சுற்றினேன், பிழைத்தது. வளைத்த நான்கும் தொடாத நான்கும் ஒரே வாரத்தில் பூத்தன. கிள்ளியவை பதினோரு நாள் பிந்தின. ஆனால் சங்கராபரணி அண்ணன் சொன்னது இப்போது கண்முன் நடக்கிறது. கிள்ளிய நான்கும் அகலமாக விரிந்து, பூவில் மற்றவற்றை எட்டிவிட்டன; போன வார மழைக்காற்றில் சாயாமல் நின்றன. தொடாதவற்றில் இரண்டு சாய்ந்துவிட்டன. மிளகாயைப் பொறுத்தவரை இனி நான் கிள்ளுவேன். தக்காளியை மழை ஓய்ந்தபின் வளைக்கப்போகிறேன்.

பாகலில் ஒரே ஒரு கிள்ளல். வாரம் ஒரு கிலோவுக்குக் குறையவில்லை.

ஓர் ஐயம். நாட்டு அவரையை மாடியின் இரு பக்கமும் ஆடியில் ஒரே நாளில் விதைத்தேன். கிணற்றுப் பக்கப் பந்தலும் தெருப் பக்கப் பந்தலும் ஒரே வளர்ச்சி. தெருப் பக்கத்தில் புதிதாக வெள்ளை விளக்கு போட்டிருக்கிறார்கள். பந்தலின் மேல் இரவு முழுவதும் வெளிச்சம் விழுகிறது. அது அவரையைப் பாதிக்குமா?

---

முத்தியால்பேட்டை ஆசிரியை – நவம்பர் 9

பாதிக்கும். ஓசூர்ப் பக்கம் சாமந்தி விவசாயிகள் பூவைத் தள்ளிப்போட வயலில் இரவில் விளக்கு எரிப்பதும் இதே காரணத்தால்தான். இருட்டு நடுவில் உடைந்தால் செடி அதை நீண்ட இரவாகக் கணக்கிடாது. இருபக்கமும் பூக்கும் நாளைக் குறித்து வையுங்கள், தம்பி. முடிந்தால் தெருப் பக்கத்தில் ஒரு கிளைக்கு மட்டும் மாலையில் இருந்து காலைவரை கறுப்புத் துணி போட்டுப் பாருங்கள்.

---

பாகூர் ஏரிக்கரை – நவம்பர் 10

எங்கள் ஊரில் சாலை விளக்கின் கீழ் உள்ள சம்பாப் பாத்தி மட்டும் கதிர் விடாமல் பச்சையாக நிற்கும். நானும் பார்த்திருக்கிறேன்.

---

கெடிலக்கரை – டிசம்பர் 20

மார்கழி 5. கிணற்றுப் பக்கப் பந்தலில் இன்று விடியற்காலை எண்ணியபோது முப்பத்தொரு பூங்கொத்துகள். தெருப் பக்கத்தில் இலையும் கொடியும் மட்டுமே. கறுப்புத் துணி போட்ட ஒரு கிளையில் மட்டும், துணியை விலக்கிப் பார்த்தால், அரிசி அளவில் ஊதா மொட்டுகள் ஏழு.